மாறிப்போன கால்

பத்தாவது வாரம் குதிகால் வலி போய்விட்டது. அதை நான் தெரபிஸ்டிடம் சொல்லவில்லை.

வலி வந்த கதை சின்னது. ஆறு வருடம் பாட்டில் கம்பெனியில் இரவு ஷிப்ட். சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு, முன்னால் ஓடும் பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு நாள் தூங்கி எழுந்து இடது காலைக் கீழே வைத்தேன். குதிகாலில் ஆணி இறங்கியது போல் இருந்தது. பத்து எட்டு நடந்தால் குறையும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் ஆணி. குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் தத்தித் தத்தி நடக்கப் பழகினேன். கம்பெனியில் எனக்கு வாத்து என்று பெயர் வைத்தார்கள். கோபம் வரவில்லை. பெயர் வைக்கிற அளவுக்காவது என்னைப் பார்த்திருக்கிறார்கள். எட்டு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு வேலையை விட்டேன். யாரும் இரு என்று சொல்லவில்லை.

இப்போது ஒரு வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கார் கண்ணாடி இறங்கும், ஒரு கை சீட்டை நீட்டும், முத்திரை குத்திக் கொடுப்பேன், கை உள்ளே போய்விடும். ஒரு நாளைக்கு முந்நூறு கை. முகம் ஒன்றும் நினைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள்.

"சாப்பிட்டியாடா? கால் எப்படி இருக்கு? சரி, உங்க மாமா கூப்பிடறாரு, வச்சிரட்டுமா?"

நாற்பது விநாடி. நடுவில் நான் சொல்லும் 'ம்'மையும் சேர்த்துத்தான்.

இவை போக மிச்சம் இருந்தது புதன்கிழமை பதினோரு மணி. என் வார விடுமுறை நாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தெரபி அறை. இரண்டு படி வைத்த ஒரு மரப்பெட்டி, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, தரையில் பத்து மீட்டர் இடைவெளியில் ஒட்டிய இரண்டு சிவப்பு டேப். தெரபிஸ்டுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். முதல் நாள் என் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, கட்டைவிரலால் குதிகாலின் உள்பக்கத்தை அழுத்தி, "இங்கயா?" என்றார். வலியில் உயிர் போனது. அதற்கு முன் என் காலைத் தொட்டவர் செருப்புக் கடைக்காரர். அவரும் அளவு பார்த்ததோடு சரி.

அன்று என்னை டேப்பிலிருந்து டேப்புக்கு நடக்கவிட்டார். பத்தொன்பது எட்டு, பன்னிரண்டு விநாடி. எதிரே நின்று என் போனிலேயே அதைப் படம் பிடித்தார்.

"இதை அழிச்சிராதீங்க சார். கடைசி நாள் பக்கத்துல வச்சுப் பாப்போம். உங்களுக்கே சிரிப்பு வரும்."

பயிற்சி சிக்கலானது இல்லை. ஒரு சின்னத் துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன் மேல் வளையும்படி நிற்க வேண்டும். குதிகால் அந்தரத்தில் தொங்கும். பிறகு எண்ணிக்கை. அதை அவர்தான் எண்ணுவார்.

"மேல... ஒண்ணு, ரெண்டு, மூணு. நில்லுங்க... ஒண்ணு, ரெண்டு. இப்ப கீழ, மெதுவா... ஒண்ணு, ரெண்டு, மூணு. அவசரப்படாதீங்க, ரயிலா போகுது?"

ஒவ்வொரு மூணையும் கேள்வி போல லேசாக உயர்த்திச் சொல்வார். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானே செய்ய வேண்டும். சுற்றுக்கு நடுவே கேள்வி கேட்பார். தூங்கினீர்களா, எழுந்ததும் முதல் எட்டு எப்படி இருந்தது, படி ஏற முடிகிறதா. கேள்விகள் அவர் கையிலிருந்த படிவத்தில் அச்சாகி இருந்தன. எனக்குத் தெரியும். ஆனால் பதிலை அவர் பேனாவால் எழுதினார்.

வெளி பெஞ்சில் எனக்கு அடுத்த நேரத்துக்குக் காத்திருப்பவர் ஒரு தபால்காரர். அதே வியாதி, இரண்டு காலிலும்.

"ஊர் பூரா வீடு வீடா நடந்தவன் தம்பி நான். இப்ப கட்டில்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் போறதுக்குள்ள காசிக்குப் போய் வந்த மாதிரி இருக்கு." கதவைக் காட்டிச் சொல்வார்: "இங்க மொதல்ல நடையைச் சரி பண்ணுவாங்க. சரியானதும் நடையைக் கட்டச் சொல்லிருவாங்க."

அவர் சொன்னது விதி. தெரபிஸ்ட் முதல் நாளே சொல்லியிருந்தார். பன்னிரண்டு வாரம். அப்போதும் நடை சரியாகவில்லை என்றால் இன்னும் ஆறு வாரம் எழுதித் தருவார். சரியாகிவிட்டால் அதோடு சரி.

ஆறு புதன்கிழமைகள். எனக்கு அவை வேண்டும்.

வலி போனதை மறைப்பது சுலபம் என்று நினைத்தேன். வலி உள்ளே இருப்பது, யார் பார்க்கப் போகிறார்கள். ஆனால் நடை வெளியே இருந்தது. மாதக்கணக்கில் சுமந்த நொண்டல், இப்போது கூப்பிட்டால் வரவில்லை. குதிகால் தானாகவே போய்த் தரையில் உட்காருகிறது. எட்டு நீண்டுவிட்டது. பதினோராவது வாரம் அவர் இன்னொருவரைக் கவனித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

அப்போதுதான் முதல் நாள் படம் நினைவுக்கு வந்தது. போனை நாற்காலியில் சாய்த்து வைத்து, எதிரே நின்று, அதில் வருபவனைப் பார்த்து அப்படியே நடந்து பழகினேன். அவன் தத்தினால் நான் தத்தினேன். அவன் தோள் இறங்கினால் என் தோளையும் இறக்கினேன். மூன்று நாள். பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

பன்னிரண்டாவது புதன். டேப்பில் நின்றேன். "நடங்க" என்றார். நடந்தேன். நன்றாகவே வந்தது. அவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை."

இந்தத் தடவை இன்னும் நன்றாக நொண்டினேன். முகத்தைக்கூடக் கொஞ்சம் சுளித்தேன்.

"சார், வலி எந்தக் கால்ல?"

"இடது கால்ல."

"அப்ப எதுக்கு வலது காலை நொண்டுறீங்க?"

குனிந்து பார்த்தேன். வலது குதிகால் தரையில் படாமல் தூக்கி நின்றது. இடது கால் ஊன்றி, ஒரு குறையும் இல்லாமல் மொத்த உடம்பையும் தாங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தே இருந்தது. பெஞ்சிலிருந்து தபால்காரரின் சிரிப்பு கேட்டது. "தவளை வாயால கெடும்னு கேள்விப்பட்டிருக்கேன். காலால கெட்டது நீங்கதான் தம்பி!"

தெரபிஸ்ட் சிரிக்கவில்லை. "அந்தப் படத்தைப் பாத்துப் பழகினீங்களா? எதிர்ல வர்றவனைப் பாத்துச் செஞ்சா கால் மாறிடும் சார்."

தூக்கியிருந்த வலது குதிகாலைத் தரையில் இறக்கினேன்.

"எதுக்கு இது? ஆபீஸ்ல லீவு வேணுமா? சர்டிபிகேட்டா?"

ஏமாற்றுக்காரன் என்று பெயர் வாங்குவது சுலபம். மற்றதைச் சொல்ல வாயில் வார்த்தை இல்லை.

"ஆமா, லீவுக்குத்தான்."

"கேட்டிருந்தா நானே நாலு நாளுக்கு எழுதிக் கொடுத்திருப்பேனே. இதுக்குப் போயி..." பெருமூச்சு விட்டார். "வெளியில நாப்பது பேர் காத்திருக்காங்க. ஒழுங்கா நடந்து காட்டுங்க."

நடந்தேன். பதினான்கு எட்டு, எட்டு விநாடி. சொன்ன வாக்கை அவர் மறக்கவில்லை. அந்த நடையையும் படம் பிடித்து, பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் காட்டினார். பழையதில் ஒரு வாத்து வந்தது. ஆயிரம் பேர் நடுவிலும் அது நான்தான் என்று சொல்லிவிடலாம். புதியதில் ஓர் ஆள் நேராக நடந்து வந்தான். யாராகவும் இருக்கலாம்.

"சிரிப்பு வருதா?"

"வருது" என்றேன்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டார். "பயிற்சியை மட்டும் விட்டுராதீங்க. இன்னும் மூணு மாசம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்." பிறகு என் தலைக்கு மேலே வாசலைப் பார்த்து, "அடுத்து!" என்றார்.

தபால்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கடந்து போகும்போது என் தோளைத் தட்டினார். "கொடுத்து வச்சவரு. நடையைக் கட்டுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து என் அறைக்கு முன்பெல்லாம் இருபத்தைந்து நிமிடம் ஆகும். அன்று பதினேழில் வந்துவிட்டேன். கதவைத் திறக்கவில்லை. பையிலிருந்து துண்டை எடுத்துச் சுருட்டி, மாடிப்படியின் முதல் படியில் வைத்து ஏறி நின்றேன். வாய்விட்டு எண்ணினேன். மேல, ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த மூணை அவரைப் போல உயர்த்திச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. சாதாரணமாகவே எண்ணி, பன்னிரண்டு வீதம் மூன்று சுற்றையும் இடைவெளி விடாமல் முடித்தேன்.

நடையில் மிச்சமான எட்டு நிமிடத்தில் ஐந்து போயிருந்தது. இன்னும் மூன்று இருந்தது.