பிரேக்கில் ஒரு கால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குக் கால்பந்து அரங்கில் பக்கத்து இருக்கையிலிருந்து கிடைத்தது. என் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் ரசிகர்களுக்கு நடுவே உட்கார்ந்து, நாங்கள் தோற்கவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமிருந்து.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'புல்வெளியில் மாலை வெயில் பொன்னாக உருகி'

வேண்டாம். அன்று தூறல். பொன்னுமில்லை, உருகவுமில்லை.

2

அவள் கார் ஓட்டக் கற்றுத் தருபவள். எதிரணியின் விங்கர், அதாவது கோட்டோரமாகவே ஓடிப் பந்தை நடுவுக்கு அனுப்புகிற அந்தப் பொடியன், அவள் தம்பி. பெற்றோர் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவளும் அவள்தான். (அவனுக்கு ஒரு காதலியும் வைத்திருந்தேன். காலையும் மாலையும் பயிற்சி, பாவம், நேரமேது? எடுத்துவிட்டேன்.)

ஜூனியர் அணியில் அவன் தலைதெறிக்க ஓடியபோது இவள் வெளியிலிருந்து, "மெதுவா! மெதுவா!" என்று கத்தியிருக்கிறாள். தொழில் பழக்கம். அவனும் சட்டென்று நின்றுவிட்டான். அணியே விழுந்து விழுந்து சிரித்தது.

"அக்கா, இனிமே மேட்ச்சுக்கு வராத," என்றான் வீட்டில். "உன்னைப் பார்த்தா எனக்குக் கால் ஓடமாட்டேங்குது."

"சரிடா, வரல."

அதன்பின் ஓர் ஆட்டத்தையும் அவள் விடவில்லை. அன்று தம்பியை எதிர்த்து ஆடும் அணியின் சட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு அந்த அணியின் ரசிகர்களோடு உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பக்கம் அவன் எதற்குப் பார்க்கப்போகிறான்?*

* சட்டைகளெல்லாம் பயிற்சிக் காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கின்றனவாம்.

இடைவேளையில் இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். யாரிடமாவது சொல்லாமல் அவளால் தாங்கமுடியவில்லை.

3

'அபாரத் திறமை படைத்த அந்த இளைஞன்'

(இல்லை. சீசன் முழுக்க பெஞ்சைத் தேய்த்தவன். இந்த ஆட்டத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்று ஏதாவது செய்தால் அணியில் இருப்பான், இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான்.)

கடைசிக் கட்டத்தில்தான் பயிற்சியாளர் அவனை இறக்கினார். நாங்கள் ஒரு கோல் முன்னிலை. அவன் ஓடும்போதெல்லாம் அவள் கால் சிமெண்ட் தரையை அழுத்தியது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"கத்துக்குடுக்குற கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் சார். கடைசி வகுப்புல மட்டும் காலை எடுத்துடுவேன். ஓட்டுறவங்களுக்குச் சொல்லமாட்டேன்."

"தம்பிக்கு எப்போ கடைசி வகுப்பு?"

அவள் கால் மறுபடியும் தரையை அழுத்தியது.

4

எங்கள் ஆள் ஒருவர் மேல் பட்டு, பந்து பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது. அவர்களுக்குக் கார்னர், மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு. (இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். இட்டுக்கட்டுவதாக இருந்தால் என் மடியில் போட்டிருக்கமாட்டேனா? எனக்கும் ஓர் ஆசை இருக்காதா?)

"குடுக்காதீங்க! நேரம் போகட்டும்!" என்று எங்கள் கூட்டம் கத்தியது. பந்தை வாங்க அவள் தம்பியே கையை நீட்டியபடி ஓடிவந்தான். பந்தைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். பிறகு முகத்தை.

முடிவு ஒன்று: அவன் கோபத்தில்... இல்லை, அதற்குள் அவனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

முடிவு இரண்டு: கண்ணீர், கட்டிப்பிடித்தல், பின்னணி இசை. மன்னியுங்கள்.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "அக்கா, இந்தக் கலர் உனக்கு நல்லாவே இல்ல. பந்தைக் குடு."

போட்டாள். எங்கள் கூட்டம் அவளைக் கண்டபடி திட்டியது. அவள் காதில் எதுவும் விழவில்லை.

"பார்த்துட்டானே சார். இப்போ அவனுக்குக் கால் ஓடுமா?"

எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. என் அணி அந்த நிமிடம் தோற்றாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

5

அவன் மூலையில் பந்தை வைத்தான். கையை உயர்த்தினான். நான் கீழே குனிந்து பார்த்தேன். அவள் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கி வைத்திருந்தாள்.

அப்போதுதான் அரங்கம் அதிர்ந்தது. எந்தப் பக்கம் கத்தியது, எதற்குக் கத்தியது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்.