கோட்டில் நின்றவள்

மன்னார் வளைகுடாவை ஒரே ஒரு பேனாவால் நூற்றெண்பது அடி ஊர்ப்பக்கம் இழுத்து வந்தவன் நான். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. கல்லிடைக்குறிச்சியில் போய்க் கேட்டால், "சர்வேயர் கோபாலசுப்பிரமணியன்தானே, அவர் பொதிகை மலையையும் நகர்த்துவார்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இழுத்தது நான். எங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று காட்டியது, செத்துப்போன ஒருத்தி.

தொண்ணூற்றாறு மாசி மாதம். கடற்கரை முழுவதற்கும் திட்டம் போடுகிறார்கள், கடல் ஏறிவரும் எல்லையைக் கோடாக வரைந்து கொடுங்கள் என்று உத்தரவு. கோட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் யாரும் புதிதாகக் கட்டக் கூடாது. வள்ளியூரிலிருந்து கிழக்கே பஸ் பிடித்து சிப்பித்துறைக்குப் போனோம். நானும், பாளையங்கோட்டை தேவசிகாமணியும். அவர் எங்கள் அலுவலக வரைவாளர். பைபிளையும் ஸ்கேலையும் தவிர எதையும் நம்பாதவர்.

நாங்கள் இரண்டு பேரும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். வெள்ளம் என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. அதனால் மீனவர்களிடம், "கார்த்திகையில் தண்ணி எதுவரைக்கும் ஏறும்?" என்று கேட்டோம். அவர்கள் காட்டிய இடத்தில் கல் நட்டோம். சுத்தமான வேலை.

அப்படித்தான் நினைத்தோம். அந்தக் கல்லிலிருந்து சரியாக இருநூற்றுப் பத்தாவது மீட்டரில் ஒரு கம்பெனி ஓட்டலுக்குச் சுவர் எழுப்பக் காத்திருந்தது. சுவருக்குப் பின்னால் அறுபது வீடுகள். சுவர் எழும்பினால் அந்த ஜனங்கள் தங்கள் கடலுக்குப் போக மூன்று மைல் சுற்ற வேண்டும்.

"நீங்க நட்ட கல்லு எங்க வாசலை அடைச்சிட்டு அண்ணாச்சி" என்றாள் அமலோற்பவம். கடைசி வீட்டுக்காரி. தன் குசினியிலிருந்து எங்களுக்குக் கட்டங்காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

"சட்டம் அம்மா" என்றார் தேவசிகாமணி.

மறுநாள் உச்சிவெயில். கல்லின் மட்டத்தைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க லெவல் மிஷினில் கண்ணை வைத்தேன். அந்தக் காலத்து மிஷினில் உலகமே தலைகீழாகத் தெரியும். மணல் மேலே, வானம் கீழே. முப்பது வருடம் அப்படிப் பார்த்துப் பார்த்து, நேராக நிற்கும் மனிதர்கள்தான் எனக்கு விசித்திரம்.

கல்லுக்கு நூற்றெண்பது அடி உள்ளே, வெறும் மணலில், ஒரு பெண் நின்றாள். தலையில் ஓலைப்பெட்டி. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கள் குடை காற்றுக்கு மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. அவள் முந்தானை கிழக்கே பறந்தது.

கண்ணை எடுத்துப் பார்த்தேன். மணல், ஒரு நண்டு, வெயில். மறுபடி கண்ணை வைத்தேன். நின்றாள். என்னையே பார்த்தாள். என் பூணூல் வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் இருந்தது. தலைகீழ் உலகத்தில் அவள் மட்டும் நேராக நின்றாள். இதை நான் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மிஷின் பழுது என்று மாற்றிவிடுவார்கள்.

"தேவசிகாமணி, இங்கன வந்து பாரும்."

அவர் குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"என்ன தெரியுது?"

"வெயிலு தெரியுது வே. உமக்குப் பித்தம். மோர் குடியும்."

மோர் கேட்கும் சாக்கில் அமலோற்பவம் வீட்டுக்குப் போய், அந்த இடத்தைக் காட்டி, ஓலைப்பெட்டி, தண்ணீர் என்று பைய சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எங்க அக்கா. அங்கன கருவாடு காயப்போட்டிருந்தா. கடல் ஏறுதுன்னு அள்ளப் போனவளை அலை இழுத்துட்டு."

"கடலா? அவ்வளவு உள்ளயா? எப்போ?"

"ஆடியிலதான். ஆடியில வராம பின்ன எப்ப வரும்? நீங்க கார்த்திகையைத்தான கேட்டீங்க. கேட்டதுக்குச் சொன்னோம்."

ஆற்றங்கரைக்காரன் புத்தி. கடலுக்கும் கார்த்திகைதான் வெள்ளம் என்று நாங்களாக முடிவு செய்திருந்தோம். அவள் நின்ற இடத்தில் மண்வெட்டி போட்டேன். இரண்டடிக்குக் கீழே சிப்பியும் பாசியுமாக அடுக்கு. கல்லை அங்கே மாற்றி நட்டேன். அந்தக் கோட்டின்படி ஓட்டல் சுவர் தடைக்குள் வந்துவிடும். ஓலைப்பெட்டிக்காரியைப் பார்த்ததைச் சொல்லித்தான் புதுப் படத்தை நீட்டினேன்; தேவசிகாமணி ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். எனக்கே ஆச்சரியம்.

மேலதிகாரி படத்தைத் தூக்கிப் போட்டார். "ஆடியில் தண்ணீர் இந்தக் கல்லைத் தொட்டால் புதுக்கோடு. தொடாவிட்டால் பழைய கோடு. உம்ம சர்வீஸ் புத்தகத்திலும் ஒரு கோடு இருக்கும்."

நாலு மாதம் தேவசிகாமணி என்னைக் கிண்டல் செய்தே ஓட்டினார். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் தெரியாத ஆட்களிடம்கூட, "இவருக்குப் பேய்தான் அளவுக்கம்பு பிடிக்கும்" என்று அறிமுகம் செய்துவைத்தார். "நம்பாத ஆளு எதுக்கு வே கையெழுத்துப் போட்டீர்?" என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆடி பதினெட்டு கழிந்து அமாவாசையன்று சிப்பித்துறையில் நின்றோம். மேலதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அலை ஒவ்வொன்றும் நெல்லையப்பர் கோபுரத்துக்கு ஒரு நிலை கூட. சரி, ஒரு நிலை குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கல் காலையிலேயே காணாமல் போயிருந்தது. தண்ணீர் ஏறியது, நின்றது, பின்வாங்கியது. புதுக்கல்லுக்கு இன்னும் பத்தடி. அறுபது வீட்டு ஜனமும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது.

அமலோற்பவம் ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை. காற்று மாறி மேற்கிலிருந்து அடித்தது. அவள் முந்தானை கிழக்கே பறந்தது. அடுத்த அலை மெதுவாக வந்து, கல்லை ஒருமுறை சுற்றி, அவள் காலை நனைத்துவிட்டுப் போனது. ஓர் அங்குலம் தாண்டவில்லை.

ஜீப்புக்குள் மேலதிகாரி பேனாவைத் திறந்தார்.

தேவசிகாமணி என் முழங்கையைப் பிடித்தார்.

"ஐயரே, அன்னைக்கு நானும் பார்த்தேன்."

"வெயிலைத்தானே?"

"அவளை. மிஷினுக்குள்ள கடல், மணல், எல்லாம் தலைகீழா இருந்துச்சு வே. அவ மட்டும் நேரா நின்னா."