வெக்ஸ்போர்ட்டுக்கு வந்த கியூபா நெருக்கடி

அன்புராசாவுக்கு அறுபதுகளின் அமெரிக்கா என்றால் உயிர். அந்த அமெரிக்காவை அவர் நேரில் பார்த்ததில்லை. அப்போது அவர் யாழ்ப்பாணத்துக் கரம்பன் கிராமத்தில் அரைக்காற்சட்டையோடு திரிந்தவர். கொழும்பில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து போட்ட வழுவழுப்பான ஆங்கிலச் சஞ்சிகைகளில்தான் எல்லாவற்றையும் பார்த்தார்: வால் முளைத்த நீளக் கார்கள், தலைமுடியைக் கோபுரமாகக் கட்டிய பெண்கள், நிலவில் நடந்த மனிதர்கள். இப்போது எழுபதைத் தாண்டி, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வும் பெற்று, கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் வீடும் வளவுமாக இருக்கிறார். மாதாகோயிலில் ஒரு பிள்ளையின் முதல் நன்மை விழாவோ, இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் பூசையோ, நாலு பேர் கூடினால் போதும். அறுபத்திரண்டாம் ஆண்டு ரஷ்யா கள்ளமாகக் கியூபாவில் ஏவுகணை கொண்டுபோய் வைத்த கதையைத் தொடங்கிவிடுவார். உலகம் அழியப் போகிற கட்டம் வருவதற்குள், கேட்டுக்கொண்டு நின்றவர்கள் ரோல்ஸ் இருக்கும் மேசைப் பக்கம் நழுவிவிடுவார்கள். நழுவ முடியாத ஒரே ஆள் அவருடைய மனைவி மக்டலீன்.

அப்படிப்பட்டவரின் தெருவுக்கே அமெரிக்கா வந்து இறங்கினால் எப்படி இருக்கும்?

செப்டெம்பர் மாதம் வந்து இறங்கியது. நியூயோர்க்கில் படம் பிடிக்கச் செலவு கூடவென்று ரொறன்ரோவை நியூயோர்க்காக மாற்றிப் படம் பிடிப்பது இங்கே வழக்கம்தான். இந்த முறை அது ஒரு தொலைக்காட்சித் தொடர். கதை நடப்பது நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில், சரியாகக் கியூபா நெருக்கடி நாட்களில். அன்புராசாவின் தெருவில் இருந்த பழைய செங்கல் வீடுகள் அதற்குத் தோதாக இருந்தனவாம். ஒரே காலையில் தெருவின் முகம் மாறிவிட்டது. கூரைகளிலிருந்த டிஷ்களை மறைத்தார்கள். வாசல்களில் அமெரிக்கக் கொடி கட்டினார்கள். புல்தரையில் பழுத்த இலைகளை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். மக்டலீனின் பாவற்காய்ப் பந்தலுக்கு முன்னால் வெள்ளை மரவேலி ஒன்றை நிறுத்தினார்கள்.

"என்ர பாவற்காய் உவையளுக்கு என்ன செய்தது?" என்று மக்டலீன் கேட்டார்.

"அறுபத்திரண்டில குவீன்ஸில ஆரும் பாவற்காய் வைக்கேல்லை, மக்டா. சரித்திரமெண்டா சரித்திரம்" என்றார் அன்புராசா. அவர் விடிந்ததிலிருந்து வாசலில்தான் நின்றார். வெளிர்நீலக் கார் ஒன்றின் பின்விளக்கைக் காட்டி, இது அறுபத்துநாலாம் ஆண்டு மொடல், படத்துக்குப் பொருந்தாது என்று ஒருவனைப் பிடித்துச் சொன்னார். அவன் வாகனப் பதிவை எடுத்துக் காட்டினான். அறுபத்தொன்று என்று இருந்தது. "நானும் அதைத்தான் சொன்னன்" என்றபடி அன்புராசா அடுத்த காரைப் பார்க்கப் போனார்.

படப்பிடிப்புக் குழுவில் சுபாங்கி என்றொரு பிள்ளை உதவி இயக்குநராக இருந்தாள். பக்கத்து நகரமான அஜக்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் விளங்கும், வேகமாகப் பேசினால் பாதி விளங்காது. அன்புராசா அவளிடம் போனார்.

"பிள்ளை, நானும் ஒரு மூலையால நடந்து போகட்டே?"

"சொறி அங்கிள். இது நைன்ரீன் சிக்ஸ்ரி ரூ. எங்கட ஆக்கள் அப்ப அங்க இல்லைத்தானே?"

அந்த வார்த்தை அன்புராசாவைச் சுட்டுவிட்டது. "ஆர் சொன்னது? ஐக்கிய நாடுகள் சபை எங்க இருக்கு? நியூயோர்க்கில. சிலோன் அதில சேர்ந்தது ஐம்பத்தைஞ்சில. அங்க வேலை செய்த எல்லா நாட்டு ஆக்களும் குவீன்ஸிலதான் குடியிருந்தவை. போய்க் கேட்டுப் பாரும்!"

"ஓகே அங்கிள், டைரெக்டரிட்டக் கேக்கிறன்" என்று அவள் ஓடினாள். ஓடியவள் திரும்பி வரவில்லை.

அடுத்தநாள் காலை அன்புராசா மகளின் கல்யாணத்துக்குத் தைத்த சாம்பல் கோட்டைப் போட்டு, மெல்லிய கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டார். முதல்நாள் பின்னேரம் தலைக்குப் புது மை அடித்திருந்தார். மக்டலீனுக்கு மெரூன் நிறப் பட்டுச்சேலையை எடுத்து நீட்டினார்.

"எனக்கென்ன விசரே?" என்றார் மக்டலீன்.

"என்ர வீட்டு வாசலால நான் வெளிய வாறன். ஆர் கேக்கிறது?"

கேட்டார்கள். தொடரின் கதாநாயகனும் கதாநாயகியும் தெருவில் சண்டை பிடித்துக்கொண்டு வரும் காட்சி. கமெரா ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது, சிலோன் தூதராகிவிட்ட அன்புராசா தலை நிமிர்ந்து படியிறங்கினார், பின்னால் அவருடைய மனைவி ஒருகையால் சேலையின் கொய்யக மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "இலையில சறுக்கப்போகுது, மெல்ல" என்றபடி வந்தார். "கட்!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சுபாங்கி தலையில் கை வைத்தாள்.

இயக்குநர் ஒல்லியான, உயரமான மனிதர். அவர் கோபத்தோடுதான் வந்தார். அன்புராசா ஐக்கிய நாடுகள் சபை, சிலோன், குவீன்ஸ் என்று மூச்சு விடாமல் விளக்கினார். இயக்குநர் அவரைப் பார்க்கவேயில்லை. மக்டலீனைப் பார்த்தபடி, அவர் என்ன சொன்னார் என்று சுபாங்கியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்" என்றார். "உலகம் அழியப்போகிறது, இந்த அம்மா இலையில் சறுக்கிவிடுவோமென்று பயப்படுகிறார். எனக்கு இது வேண்டும்."

அன்புராசா கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். சுபாங்கி மெல்ல அவர் காதருகே வந்தாள். "அங்கிள், ஒரு ப்ரொப்ளம். உங்கட ஹெயார் டை லைற்றுக்குள்ள பேர்ப்பிளா தெரியுது."

"பேர்ப்பிளோ?"

"கத்தரிக்காய் மாதிரி, அங்கிள்."

மக்டலீனுக்குக் கணவனாக யாரைப் போடுவது என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். அந்தநேரம் பார்த்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் சுப்பிரமணியன், கதவைத் திறந்து தன் பார்சலை எடுக்கக் குனிந்தார். தஞ்சாவூர்க்காரர், கணினி நிறுவனத்தில் வேலை, அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். தலை இயல்பாக நரைத்திருந்தது. இயக்குநர் விரலை நீட்டினார்.

சுப்பிரமணியனிடம் கோட்டு இல்லை. அதனால் அன்புராசாவின் சாம்பல் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டார்கள். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

"சாரி அன்பு சார்" என்றார் சுப்பிரமணியன். "நான் பார்சல் எடுக்கத்தான் வந்தேன்."

அன்புராசா சட்டையோடு தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் போய் நின்றார். தூதரும் மனைவியும் வாசலிலிருந்து காருக்கு நடந்துபோக வேண்டும். மனைவி தன் மொழியில் எதையாவது சொல்ல வேண்டும், என்ன சொன்னாலும் சரி. இதுதான் காட்சி. மக்டலீன் சொன்னார். என்ன சொன்னார் என்பது கயிற்றுக்கு அப்பால் கேட்கவில்லை. ஆனால் காருக்குள் ஏறிய சுப்பிரமணியனின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் குலுங்கின. மதியம் வரை இதே கதைதான்.

"என்ன சொன்னனீர்?" என்று வீட்டுக்குள் வந்ததும் அன்புராசா கேட்டார்.

"ஏதோ வாயில வந்ததைச் சொன்னன்" என்றபடி மக்டலீன் சேலையை மடித்தார்.

சுப்பிரமணியனைக் கேட்டால், "மேடமையே கேளுங்க சார்" என்று பார்சலோடு உள்ளே போய்விட்டார்.

அன்புராசாவின் கோபம் நாலு நாளில் ஆறிவிட்டது. எப்படியென்றாலும் திட்டம் தன்னுடையதுதானே? கோட்டும் தன்னுடையதுதானே? மக்டலீன் தொடரில் வரப்போவதைப் பங்குக் கோயில் சனம் முழுவதற்கும் சொல்லி முடித்தார். வசந்தகாலத்தில் தொடர் வெளியானபோது விட்பியிலிருந்து மகள் ஸ்டெபனியும் மருமகனும் வந்தார்கள். கோயில் பாடகர் குழுவில் அன்புராசாவோடு பாடும் கிளிபோட் குடும்பத்தோடு வந்தார். சுப்பிரமணியனும் மனைவி ரோகிணியும் ஒரு பெட்டி இனிப்போடு வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். மக்டலீன் குசினியில் ஏதோ சமையல் வேலையிருப்பதாகச் சொல்லிவிட்டார்.

காட்சி வந்தது. இலைகள் பறந்தன. சாம்பல் கோட்டு நடந்து வந்தது. பக்கத்தில் மெரூன் சேலையில் மக்டலீன், அரசி மாதிரி. வாயைத் திறந்தார்.

"இஞ்சருங்கோ, கோட்டுப் போட்டவுடன துரையாகியாச்சோ? ராத்திரி மீன்சட்டியை வழிச்சுத் திண்டுபோட்டுப் பூனை திண்டதெண்டு சொன்னியள். எங்கட வீட்டில பூனையே இல்லை! தலைக்கு மை பூசிப் பூசி என்ர தலையணை உறையெல்லாம் கரி. நடவுங்கோ கெதியா!"

திரையின் அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. "உலகம் அழிவின் விளிம்பில் நிற்கிறது, அன்பரே. சபை கூடும் நேரமாகிவிட்டது. அமைதிக்காகப் பேசுங்கள்" என்பது அதன் பொருள்.

கிளிபோட் சோபாவிலிருந்து சறுக்கி நிலத்தில் இருந்தார். ஸ்டெபனி முகத்தைக் குசனுக்குள் புதைத்தாள். சுப்பிரமணியன் அன்றைக்கு அடக்கியதையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். அன்புராசாவின் காது சிவந்தது. மீன்சட்டி விசயத்தில் பூனையை மக்டலீன் நம்பிவிட்டார் என்றுதான் அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

அந்தத் துண்டு ரொறன்ரோ முழுக்க, பிறகு லண்டன், பாரிஸ், யாழ்ப்பாணம் என்று கைபேசிக்குக் கைபேசி பாய்ந்தது. கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லக் கைகொடுத்தவர்கள்கூட "மியாவ்" என்றார்கள். அன்புராசா இரண்டு ஞாயிறு வேறு பங்குக்குப் பூசைக்குப் போனார். வீட்டில் தேவைக்கு மட்டும் பேசினார். தலைக்கு மை அடிப்பதையும் விட்டுவிட்டார். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஸ்டெபனியிடம் தொலைபேசியில் சொன்னார்.

ஒருநாள் மத்தியானம் சுபாங்கி அழைத்தாள். குரலில் பதற்றம்.

"அங்கிள், பெரிய ப்ரொப்ளம். மலேசியாவில இருந்தும் இந்தியாவில இருந்தும் கனபேர் எழுதியிருக்கினம், சப்ரைட்டில் பிழையெண்டு. அன்ரி என்ன சொன்னவ? எனக்கு ஃபிஷ், கெற், பில்லோ மட்டும்தான் விளங்குது. பிழையெண்டா அந்த சீனையே எடுத்துப்போடுவினம்."

அன்புராசா குசினியை எட்டிப் பார்த்தார். மக்டலீன் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். காட்சி போய்விடும், பூனையும் போய்விடும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சப்ரைட்டில் சரி, பிள்ளை. அது தூதரகத் தமிழ். மறைபொருளா இருக்கும். மீன்சட்டி எண்டா என்ன? சுத்திவரக் கடல். அப்ப அது கியூபா."

"ஓ! அப்ப கெற்?"

"பூனை களவெடுக்கிற சாதி. ரஷ்யா."

"ஆனா வீட்டில பூனையே இல்லை எண்டெல்லோ அன்ரி சொல்றா?"

"அங்கதான் சரித்திரம் இருக்கு! ரஷ்யாக்காரன் ஐ.நா. சபையில நிண்டு, அங்க ஏவுகணையே இல்லையெண்டு சாதிச்சவனெல்லோ? அதைத்தான் நக்கலடிக்கிறா."

"வாவ். பில்லோ கவர்?"

அன்புராசா கண்ணை மூடி ஒரு நொடி யோசித்தார். "இரும்புத் திரை" என்றார்.

மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது. "அங்கிள், யூ ஆர் அ ஜீனியஸ்" என்று சொல்லி அவள் வைத்தாள்.

குசினியில் கத்தி விழுந்த சத்தம். மக்டலீன் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அவருக்கு எதிரே இருந்தார். வாரக்கணக்கில் இருவரும் அப்படி எதிரெதிரே இருக்கவில்லை.

"கோவம் போட்டுதோ?"

"சட்டியைப் பற்றிச் சொன்னது சரி. மையைப் பற்றிச் சொல்லியிருக்கத் தேவையில்லை."

"இஞ்சருங்கோ, அவங்கள் ரீவியில போட்டது கடைசியா எடுத்தது. களைச்சுப்போய் மெதுவாச் சொன்னது. முதல் தரம் சொன்னதைப் போட்டிருந்தா நீங்கள் விட்பிக்கு மகளிட்டப் போயிருப்பியள்."

அன்புராசா கோப்பையைக் கீழே வைத்தார். கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சொல்லும், கேப்பம்" என்றார்.