பேரு தெரியாது, கண்ணு

1.

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. இதை முதல் வரியில் எழுத எனக்கு நான்கு வரைவுகள் ஆயின.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'நல்லூரில் ஒரு நிட்டிங் யூனிட்டின் மேல்மாடியில், ஞாயிறுதோறும் இரண்டு பெண்கள் கனவுகளோடு…'

அங்கேயே நிறுத்திவிட்டேன். கனவு வேல்விழிக்குத்தான் இருந்தது. எனக்கு இருந்தது, ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பத்து வருடம் ஒரே ஃபாரத்தை நிரப்பிய சலிப்பு.

2.

வேல்விழிக்கு இருபத்து மூன்று வயது. சங்கரன்கோவில் பக்கம் ஊர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்ப்பாள். நாங்கள் இருவரும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பில் வெப் அப்ளிகேஷன் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஃபிரேம்வொர்க் என்றால் என்ன என்று வாத்தியார் ஒரு மணி நேரம் விளக்கினார்.

"எல்லாம் கட் பண்ணி வந்துருது, நாம தைச்சா போதும். அப்படித்தானக்கா?" என்றாள் என்னிடம். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

(இந்த இடத்தில் அவளை வெகுளியாக எழுதியிருந்தேன். பிறகு மாற்றினேன். அவள் ஏமாளி அல்ல. என்னை நம்பினாள். இரண்டும் வேறு.)

3.

கடைசியில் ஆளுக்கொரு அப்ளிகேஷன் செய்ய வேண்டும். நாங்கள் சேர்ந்து செய்தோம். யோசனை அவளுடையது.

"கம்பெனில புகார்ப் பெட்டி மாட்டிருக்காங்கக்கா. அதுக்கு நேரா கேமரா இருக்கு. யாரு போடுவா?"

அதனால் போனிலேயே புகார் எழுத ஒரு பக்கம். வெளியாட்கள் நுழையாமலிருக்க, கம்பெனியில் ஆளுக்கொன்றாகத் தரும் டோக்கன் நம்பரைக் கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் எழுதியவர் யார் என்று எங்கும் தெரியக் கூடாது. பக்கங்களை அவள் செய்தாள். லாகினும் டேட்டாபேஸும் என் பொறுப்பு.

நான் பாடத்திலிருந்த உதாரணத்தை அப்படியே எடுத்துப் போட்டேன். அதில் ஒவ்வொரு பதிவோடும் எழுதியவரின் டோக்கன் நம்பரைச் சேமிக்கும் வரி ஒன்று இருந்தது. பக்கத்தில் அது தெரியாது. ஃபிரேம்வொர்க் தானாகவே தரும், நிர்வகிப்பவர் மட்டும் பார்க்கும் அட்மின் பக்கத்தில் தெரியும். வகுப்பில் செய்து காட்டும் டெமோவுக்கு இரண்டு நாள் முன்பு அதைப் பார்த்தேன். எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"அக்கா, யாரு எழுதுனான்னு தெரியாதுல்லா?"

"பேரு தெரியாது, கண்ணு."

[சொல்லும் முன் நான் தயங்கியதாக ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். தயங்கவில்லை.]

4.

அவள் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தால் காட்டலாம். வேல்விழி சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு தையல் லைனாகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "பேரு வராதுக்கா, நான் பொறுப்பு."

மூன்று வாரம் யாரும் எழுதவில்லை. பிறகு மூக்கம்மாள் எழுதினார். டெய்லர். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று மேலே கை வைக்கிறார் என்று.

மறுநாள் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "சித்ரகலாங்களா? அட்மின் பாஸ்வேர்டு வேணுமுங்க. ரிப்போர்ட் எடுக்கோணும்."

கொடுத்தேன்.

திங்கட்கிழமை மூக்கம்மாளை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுதியதை அவர் சொல்லியிருந்தது வேல்விழியிடம் மட்டும். அதனால் போட்டுக்கொடுத்தது அவள்தான் என்று லைன் முழுக்க முடிவாகிவிட்டது. அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

"நான் யார்ட்டயும் சொல்லலக்கா," என்று போனில் அழுதாள். "எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியலியே கண்ணு."

போனை வைத்துவிட்டு அந்த வரியை எடுத்தேன். சோதனையெல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆனது.

அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். வேலையையும் விட்டுவிட்டு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் வேறு கம்பெனியில் சேர்ந்தாள். நான் அந்த அப்ளிகேஷனைக் காட்டித்தான் சாஃப்ட்வேர் வேலை வாங்கினேன்.

5.

முடிவுகள்.

ஒன்று: வேல்விழி தொடர்ந்து படித்து, அந்த வரியைத் தானே கண்டுபிடித்து, என்னை மன்னிக்கிறாள். (மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா?)

இரண்டு: நான் அந்தக் கம்பெனி கேட்டில் நின்று எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறேன். இதை நன்றாக எழுதியிருந்தேன். நடக்காதது என்பதால் நன்றாக வந்தது.

நடந்தது இதுதான். போன மாதம் நெருப்பெரிச்சல் போனேன். டீ நேரத்தில் வெளியே வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் போன் பண்ணப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"மூக்கம்மா அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"லைன்ல உள்ளவங்ககிட்ட?"

"இல்ல கண்ணு."

"பெறவு எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? நான் சொல்லலன்னுதான் எனக்கே தெரியுமே."

மணி அடித்தது. டீயை மிச்சம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

6.

மூன்றாவது முடிவை எழுதவில்லை. இதையெல்லாம் எழுதியதாலேயே நான் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பத்திரிகை அந்த கேட்டுக்குள் போகாது.

ஒருவேளை உங்களுக்கு அங்கே யாரையாவது தெரிந்திருந்தால், தயவுசெய்து அவர்களிடம்…

இல்லை. அங்கே நான்தான் போக வேண்டும்.