மேசையில் கத்திய பெட்டி

மேசையின் இந்தப் பக்கம் கருவியின் பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் பெட்டி கத்தியது. பெட்டியை மாட்டிய நிறுவனத்திலிருந்து வந்த நிலோஜன் திரும்பத் திரும்ப அழுத்திக் காட்டினான்.

"பாத்தீங்களா அக்கா, நல்லாத்தானே வேலை செய்யுது."

மேனுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டோரக் கம்பியை யானை அறுத்தால் அங்குள்ள சின்னக் கருவி சைகை அனுப்பும், வயல் காவல் பரணில் இருக்கும் பெட்டி கத்தும், எழும்பி வெடி கொளுத்தலாம் என்றுதான் இவர்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். போன மாரியில் கம்பி அறுந்தது. பெட்டி வாய் திறக்கவில்லை. அதை நம்பிக் கண்ணயர்ந்த அவள் புருசன் யதுர்ஷனைப் பரணோடு சேர்த்துச் சாய்த்துவிட்டது யானை.

"அண்ணன் பெட்டியப் பால்மாத் தகரப் பேணிக்குள்ள வச்சிருந்தாரே. தகரம் சைகைய மறைச்சிரும். எங்கட மேலிடத்திலயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கம்."

வைத்தது உண்மைதான். தன் தலைக்கு மேல் ஓலை ஒழுக, பெட்டி நனையக்கூடாதென்று பேணி தேடிய மனுசன். அதற்காக அவனைச் செத்த பிறகும் அவள் ஏசாத நாளில்லை.

"சரி, பேணி இல்லாமப் பாப்பம். வட்டைக்கு வாங்க."

வயல்வெளியில் புதிதாகக் கட்டிய பரணில் பெட்டியை வெறுமனே வைத்தார்கள். புளியந்தீவில் போன் திருத்தும் அவள் தம்பி உதயரூபன், கருவியை அழுத்திக்கொண்டே வரம்பில் நடந்தான். இரண்டாவது வரம்பு தாண்டியதும் சத்தம் நின்றுபோனது. காடு இன்னும் எட்டத்தில் கிடந்தது.

திரும்பி வந்தவன் பெட்டி, கருவி இரண்டின் மூடியையும் நெம்பினான்.

"அக்கா, ரெண்டிலயும் சைகை பிடிக்கிற அன்ரனாக் கம்பியே இல்ல. பொருத்திற ஓட்டை சும்மா கிடக்கு."

நிலோஜன் எட்டிப் பார்த்தான். "சுருள் சுருளா ஒரு பொதியில வந்திச்சு... மேசையில அது இல்லாமலே கத்தினது. மேலதிகமாத் தந்திருக்கானுகள் எண்டு நினைச்சம்."

"மேசையிலயா ஆனை வரும்?" என்றாள் மேனுகா. "பேணி வச்சது பிழைதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. பேணி இல்லாட்டியும் இது கத்தியிராது. அதையும் மேல சொல்லணும்."

உதயரூபன் இரண்டிலும் ஒவ்வொரு சாண் செம்புக் கம்பியைச் செருகி இறுக்கினான். இனி யாராவது காட்டோரம் நின்று அழுத்த வேண்டும். அவன் கை நீட்டுமுன் மேனுகா கருவியை எடுத்து நிலோஜனிடம் நீட்டினாள்.

"நீங்க போங்க சேர்."

"பொழுது படுது அக்கா. ஆனை இறங்கிற நேரம்."

"ஓம். அந்த நேரத்துக்குத்தானே இத மாட்டினீங்க. பயப்படாம போங்க, வெடி என்ட கையில இருக்கு."

அவன் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், வரம்பில் இறங்கினான்.

அவள் பரணில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நிலோஜனின் வெள்ளைச் சட்டை சிறுத்துச் சிறுத்துக் காட்டின் கறுப்பருகே போய் நின்றது. பெட்டி வீறிட்டது. மடி அதிர்ந்தது.

அவள் அதை நிறுத்தவில்லை. எழுந்து நின்று வட்டை முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"கேக்குது சேர்! அண்டைக்கும் இப்பிடிக் கேட்டிருக்கணும்!"