சுண்ணாம்பில் தங்கிய நிழல்

ஸ்கினூராத் தீவில் அனெசினாவின் முற்றத்தில் ஓர் ஆளின் நிழல், ஆள் இல்லாமல், பத்து வருஷத்துக்குக் கிட்ட இருந்தது. கலங்கரை விளக்கைப் பழுதுபார்க்க வோலோஸ் நகரத்திலிருந்து வந்துபோன பாந்தெலிஸின் நிழல் அது. கல்தரையில் நீண்டு கிடந்து சுவரில் பாதிவரை ஏறியிருந்தது. மரம் முளைக்காத பாறைத் தீவில் தண்ணீருக்கு அடுத்தபடி அருமையானது நிழல்தான் என்பதால் யாரும் அதை வீணாக்கவில்லை. உச்சி வெயிலில் ஆடுகள் அதில் வந்து படுத்தன. பக்கத்து வீட்டு மலாமா அதில் உட்கார்ந்து மொச்சை உரித்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அங்கே பெண்கள் சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஆள் நிழல் விழுந்த இடத்தில் பிரஷ் வைக்கும் முன் 'தள்ளி நில்லு' என்று குரல் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் நிழல் சுண்ணாம்போடு ஒட்டிக்கொள்ளும். பேச வந்த குழந்தைக்கும் இது தெரியும். விளக்கைப் பழுதுபார்க்க வந்த வருஷம் வடக்குக் காற்று ஓயாமல் அடித்ததில் கப்பல் வராமல், பாந்தெலிஸ் அவள் வீட்டு மாடி அறையிலேயே தங்கும்படி ஆயிற்று. அதிகம் பேசாதவர். அவளும் அப்படித்தான். மாலையில் அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்; அவர் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒருநாள் காற்று நின்றது, கப்பல் ஊதியது. விடைபெற வந்தவர் பையுடன் முற்றத்தில் நின்றார். அவள் குனிந்தபடி சுண்ணாம்பு அடித்துக்கொண்டே வந்தாள். பிரஷ் அவர் நிழலின் மேல் ஏறி இறங்கியது. அவர் துறைமுகத்துக்கு ஓடினார், நிழல் ஓடவில்லை.

"அடியே, குரல் குடுத்தியா இல்லையா?" என்றாள் மலாமா.

"காத்துல கேட்டிருக்காது."

"காத்துதான் நின்னு போச்சேடி."

ஒவ்வோர் ஈஸ்டருக்கும் அனெசினா அதன்மேல் சுண்ணாம்பு அடித்தாள். காய்வதற்குள் நிழல் மேலே வந்துவிடும், முன்னைவிடக் கொஞ்சம் கறுப்பாக. பாதிரியார் தீர்த்தம் தெளிக்க வந்து, அதில் நின்று வியர்வை துடைத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு கோடையில் கப்பல் சமையல்காரன் சேதி கொண்டுவந்தான்: வோலோஸில் அந்த மனுஷன் வெயிலுக்கு வராமல் சுவரை ஒட்டியே நடக்கிறார், நிழலில்லாதவரோடு எப்படிக் கோயிலுக்கு நடப்பது என்று நிச்சயித்த பெண் விலகிவிட்டாள். மலாமா சிரித்தாள். அனெசினா பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனாள்.

அடுத்த ஈஸ்டருக்கு அவள் சுண்ணாம்பு வாங்கவில்லை. அடிக்காமல் விட்டால் உப்புக் காற்றில் செதில் செதிலாக உதிரும், பிடித்து வைத்திருப்பதையும் விட்டுவிடும்.

"ஊரே பல்லு வெளக்கிட்டு நிக்குது, உன் வீடு மட்டும் சொத்தப் பல்லு மாதிரி இருக்கு. நான் மொச்சைய எங்கடி போய் உரிக்கறது?"

"அது அவருது. போகட்டும்."

நிழல் மெலிந்தது. குளிர்காலத்துக்குள் ஆடுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. மிச்சமிருந்ததில் அவள் மட்டும் மாலைதோறும் உட்கார்ந்திருந்தாள்.

மறு ஈஸ்டர் வாரம் பாந்தெலிஸ் கப்பலிலிருந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. காலடியில் பூனை அளவுக்கு ஒரு நிழல். அவள் கரண்டியில் நாரத்தை இனிப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்து, உதிர்ந்த சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் அடிக்கல?"

"உங்களுக்கு அது வேணும்ல."

"இது காலடியில திரும்பி வந்தப்ப பயந்துட்டேன்," என்றார் அவர். "நீங்க செத்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

எழுந்து போய், அன்றைக்கு நின்ற இடத்தில் நின்றார். தோள் கொஞ்சம் கூனியிருந்தது. மற்றபடி சுவரில் மிச்சமிருந்த நிழலுக்கு அளவு சரியாக இருந்தது. "வாளி எங்க?" என்றார்.

மலாமா வீட்டிலிருந்து சுண்ணாம்பு வந்தது. அனெசினா கலக்கி, குனிந்து, அடித்துக்கொண்டே வந்தாள். அவர் காலடிக்கு வந்ததும் நிமிர்ந்து, தெருக்கோடிவரை கேட்கும்படி, "தள்ளி நில்லுங்க" என்று குரல் கொடுத்தாள். அவர் நகரவில்லை.

இப்போது தீவுக்குப் புதிதாக வருகிறவர்கள், வெறும் முற்றத்தில் கிடக்கும் நிழலைப் பார்த்து, யாருடையது என்று கேட்பதுண்டு. "பாந்தெலிஸுது. மீன் வாங்கப் போயிருக்காரு," என்பாள் மலாமா, கொஞ்சம் நகர்ந்து அவர்களுக்கும் இடம் கொடுத்தபடி.