ஆறு புள்ளி எட்டு ஒன்று

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நாத்தனாரிடமிருந்து வந்தது. அவளாகக் கொடுக்கவில்லை, நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

கண் சொட்டு மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. எதையும் தசமப் புள்ளியோடு சொல்லும் பழக்கம் இருப்பதால் வீட்டில் அவளுக்குப் 'புள்ளி' என்று பெயர் வைத்துவிட்டோம். குழம்பில் உப்பு குறைந்தால்கூட "அண்ணி, இன்னும் ஒன்னரை கிராம்" என்பாள். அடுப்படியில் வெந்துகொண்டிருப்பவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[அமைதி உறைந்த ஆய்வகத்தில் ஒரு பெண் தன் விதியை அளந்துகொண்டிருந்தாள்.]

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "லேப்ல ஏது அண்ணி அமைதி? ஃபிரிட்ஜ் உறுமிட்டே இருக்கும். மேடம் கத்திட்டே இருப்பாங்க. விதியை எந்த பீக்கர்ல ஊத்தி அளக்கிறது?"

அடித்துவிட்டேன். ஆனால் மறைக்கவில்லை. அவர்கள் ஆய்வக நோட்டில் தப்பை வெள்ளை மை தடவி மறைக்கக்கூடாதாம். அதன்மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வேண்டும். அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆகவே இங்கே சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நான் கோடு போட்டவை.

2

கதைக்கு முன்னால் நான் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் இதை எழுத உட்கார்ந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

ஒருநாள் அனுமதி வாங்கி என்னை உள்ளே கூட்டிப்போனாள். மேசைமேல் இரண்டு பீக்கர். இரண்டிலும் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. அடியில் சின்னக் காந்தத் துண்டு கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அமிலமா காரமா என்று அளந்து சொல்லும் பி.எச். மீட்டரின் கண்ணாடி முனையை முதல் பீக்கரில் இறக்கினாள். திரையில் ஏழு. ஒரே ஒரு சொட்டு அமிலம் விட்டாள். எண் தடதடவென்று சரிந்து மூன்றில் போய் நின்றது.

"இது வெறும் தண்ணி. இப்ப இதைப் பாருங்க."

இரண்டாவது பீக்கரிலும் ஏழு. அதே அமிலத்தில் ஒரு சொட்டு. ஆறு புள்ளி ஒன்பது எட்டு. இன்னொரு சொட்டு. ஆறு புள்ளி ஒன்பது ஆறு. அவ்வளவுதான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பார்வைக்குத் தண்ணீரேதான். உள்ளே இரண்டு உப்பு கரைந்திருக்கிறதாம், வருகிற அமிலத்தை ஒன்று வாங்கிக்கொள்ளுமாம், காரம் வந்தால் இன்னொன்று. இதற்குத்தான் பஃபர் கரைசல் என்று பெயர்.

"உங்க ரத்தமும் இப்படித்தான் அண்ணி. ஏழு புள்ளி நாலு பக்கத்துலயே நிக்கும். நீங்க கல்யாணத்துல சிரிச்சப்பவும் அதான், உங்கப்பா போனப்ப அழுதப்பவும் அதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா போனபின் நான் உடைந்து கிடந்த மூன்று நாளும் என் உடம்புக்குள் ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டு என்னை நிறுத்திவைத்திருக்கிறது. நான் அதற்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

(அவள் உடனே சேர்த்தாள்: "ஓரளவுக்குத்தான் தாங்கும். அப்புறம் மொத்தமா விழுந்துடும்." இதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இங்கேயே வைக்கிறேன்.)

3

இனி கதை.

சனிக்கிழமை காலை, புள்ளி புதுப் பாட்டிலின் சீலை உடைத்தாள். வெளியிலிருந்து வாங்கிய தர பஃபர், லேபிளில் ஏழு என்று அச்சடித்திருந்தது. மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உதவும் கரைசல் அது. முனையை இறக்கினாள். ஏழு வரவில்லை. ஆறு புள்ளி எட்டு ஒன்று.

"பாட்டில் கெட்டுப்போச்சு. இன்னொன்ன திற," என்றார் துறைத்தலைவி மேடம்.

இரண்டாவதிலும் ஆறு புள்ளி எட்டு ஒன்று.

"அப்ப பெட்டியே கெட்டுப்போச்சு. திருப்பி அனுப்பு. நம்ம மீட்டர் தினமும் பாஸாகுதே!"

அந்த எண்ணைப் புள்ளி முன்பே பார்த்திருக்கிறாள். நோட்டைப் பின்னால் புரட்டினாள். ஒன்பது நாளைக்கு முன், அவள் கையெழுத்திலேயே இருந்தது.

அப்போது, வெளியில் வாங்கி வைத்திருந்த பஃபர் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. எப்போதும் நனைந்தே இருக்க வேண்டிய மீட்டர் முனை காய்ந்து கிடந்தது. "நீயே போட்டுக்கோ" என்று மேடம் சொல்ல, இவள் இரண்டு உப்பையும் எடைபோட்டுக் கரைத்தாள். மீட்டர் ஆறு புள்ளி எட்டு ஒன்று காட்டியது. எடையில் கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்து, ஏழு வரும்வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாள். மறுநாளிலிருந்து அந்தக் கரைசலை வைத்துத்தான் மீட்டரைச் சரிபார்த்தாள்.

புரிகிறதா? மீட்டரை வைத்துக் கரைசலைச் சரிசெய்தாள், அந்தக் கரைசலை வைத்து மீட்டரைச் சரிபார்த்தாள். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லி ஒன்பது நாள் ஜோராகப் பாஸாகிக்கொண்டிருந்தன.

அந்த ஒன்பது நாளில் தயாரான மருந்தெல்லாம் ஏழு புள்ளி நாலு என்று எழுதப்பட்டிருக்கிறது. மீட்டர் குறைத்துக் காட்டிய புள்ளி ஒன்று ஒன்பதையும் சேர்த்தால் நிஜத்தில் அது ஏழு புள்ளி ஐந்து ஒன்பது, அனுமதித்த எல்லையைத் தாண்டியது. கிடங்கில் அடுக்கியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை கடைகளுக்குப் போகிறது.

அதற்கு முந்தின நாள்தான், திங்கட்கிழமை, புள்ளிக்குக் கையெழுத்து உரிமை கிடைக்கவிருந்தது. அவள் ஒப்பமிட்டால் மருந்து வெளியே போகலாம் என்கிற உரிமை. நாலு வருஷமாக அதற்காகக் காத்திருக்கிறாள்.

[அவள் இதயத்தில் ஒரு புயல்] வேண்டாம். அவள் பாட்டிலை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள், அவ்வளவுதான்.

4

சனி சாயங்காலம் எங்கள் சமையலறையில் இதை என்னிடம் கொட்டினாள்.

"கண்ணு போயிடுமா?" என்று கேட்டேன். எழுதி எழுதிக் கண் காய்ந்துபோய் நானும் அவர்கள் மருந்தைத்தான் விடுகிறேன். சுயநலம்தான், மறைக்கவில்லை.

"சேச்சே. கொஞ்சம் எரியும். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதான் அண்ணி பயமா இருக்கு."

பிறகு பாதி விளையாட்டாகச் சொன்னாள்: "கதைதானே எழுதுறீங்க? முடிவை எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை அப்படியே செஞ்சுடறேன்."

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

[அவள் உண்மையைச் சொன்னாள். மேடம் அவளைக் கட்டிக்கொண்டார்.] மேடத்தை நான் பார்த்திருக்கிறேன். யாரையும் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

[அவள் பெட்டியைத் திருப்பி அனுப்பினாள். கையெழுத்து உரிமை வந்தது. அதன்பின் ஒவ்வொரு கையெழுத்தின்போதும்] இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

[மூன்றாவது நாள் யாரோ ஒரு வாடிக்கையாளர்] யார் அந்த வாடிக்கையாளர்? நான் மாட்டிக்கொண்டபோது வரவழைத்த ஆள்.

ஒவ்வொன்றையும் எதை வைத்துச் சரியா தப்பா என்று பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? நானே எழுதிய முந்தைய வரியை வைத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேனாவை மூடிவிட்டேன்.

5

திங்கட்கிழமை காலை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "எழுதியாச்சா?"

"எழுதல. நான் எழுதினதை வச்சு நீ உன்னைச் சரி பண்ணிக்குவ. அப்புறம் உன்னைக் காட்டி நான் என் கதை சரின்னு சொல்லிக்குவேன்."

கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். பிறகு, வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல ஆச்சரியமாகச் சொன்னாள்:

"அண்ணி, அன்னைக்கு என் எடை சரியாத்தான் இருந்திருக்கு."

"என்னது?"

"நான் போட்ட பஃபர் ஏழுதான். மீட்டர்தான் தப்பாக் காட்டிச்சு. புது பாட்டிலுக்கும் அதே எண்ணைத்தானே காட்டுது? என் கை சரியா இருந்துச்சு. நான்தான் நம்பல."

தன் வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடினாள்.

மணி இப்போது பத்து. மேடம் முன்னால் மூன்றாவது பாட்டிலைத் திறந்திருப்பாள், அல்லது பெட்டியை ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பாள். போன் மேசைமேல் இருக்கிறது, நான் தொடவில்லை. முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அவளையும் அறியாதவர், என்னையும் அறியாதவர், சீல் உடைக்காத வெளிப் பாட்டில் நீங்கள்தான். உங்களுக்கு என்ன எண் வருகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். என் மருந்துப் புட்டியில் இன்னும் நாலைந்து சொட்டுதான் மிச்சம். அடுத்த வாரம் புதிது வாங்குவேன். பேட்ச் எண்ணைத் திருப்பிப் பார்க்காமல் கண்ணில் விட்டுக்கொள்வேன்.